விண்டோஸ் புரொஃபைல் கெட்டுவிட்டால்: பழையதை எழுப்புவதா, புதிதுக்குக் குடிபோவதா?

காலையில் சிஸ்டத்தைப் போட்டால் டெஸ்க்டாப் வெறிச்சோடிக் கிடக்கிறது. வால்பேப்பர் இல்லை, ஃபோல்டர்கள் இல்லை, குரோமில் புக்மார்க் ஒன்றுகூட இல்லை. மூலையில் ‘தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள்’ என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. புரொஃபைல் என்பது விண்டோஸ் உங்கள் பெயரில் வைத்திருக்கும் ஃபோல்டரும் அமைப்புகளும் சேர்ந்தது. சிலருக்கு அந்த அளவுக்குக்கூட உள்ளே விடுவதில்லை. பாஸ்வேர்ட் போட்டதும் ‘யூசர் புரொஃபைலை ஏற்ற முடியவில்லை’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

கோடை வந்தால் ‘இதற்கு என்ன செய்வது?’ என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வட சென்னையில் கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும் நாள்களில், யுபிஎஸ் பேட்டரி செத்துப்போய் மாற்றாமல் வைத்திருக்கும் கடைகளில் இது நடப்பதில் ஆச்சரியம் இல்லை. விண்டோஸ் உங்கள் செட்டிங்ஸை டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால், எழுதியது பாதியில் நிற்கும்.

கேட்டவர்களில் மூன்று பேரை இங்கே எடுத்துக்கொள்கிறேன். தண்டையார்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை, பேனர் வேலை செய்யும் டிடிபி கடைக்காரர் ஒருவர். மண்ணடியில், சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்கும் ஃபைலிங்கும் பார்க்கும் ஒருவர். பெரம்பூரில் கல்லூரி புராஜெக்டை லேப்டாப்பில் வைத்திருக்கும் மாணவி. மூவரும் கேட்டது ஒன்றுதான்: பழைய புரொஃபைலைச் சரிசெய்வதா, புது அக்கவுண்ட் போடுவதா, ஃபார்மட் அடித்துவிடுவதா? பதில் மூவருக்கும் வேறு வேறு.

ஏன் என்றால், இந்தக் கோளாறில் ஃபைல்கள் போவது அபூர்வம். அவை சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பழைய பெயரில் அப்படியே கிடக்கும். போவது பாஸ்வேர்டுகள், ஃபான்ட்டுகள், புரோகிராம்களை உங்கள் கைக்கு ஏற்றபடி அமைத்து வைத்த அமைப்புகள். ஆகவே ‘என் ஃபைல் கிடைக்குமா?’ என்ற கேள்வியை வைத்து வழியைத் தேர்ந்தெடுத்தால் தவறான வழியில்தான் போய் நிற்போம். முதலில் பிரதி எடுத்துவிட்டால், எல்லா வழியிலும் பெரும்பாலும் ஃபைல் கிடைக்கும். மற்றதில்தான் வித்தியாசம்.

## எந்த வழியானாலும், முதலில் இது

தற்காலிக புரொஃபைலில் உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள். அதில் டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ சேமித்தது எதுவும் சைன் அவுட் ஆனதும் அழிந்துவிடும். அவசரத்துக்கு ஏற்கெனவே ஏதாவது டைப் செய்து சேமித்துவிட்டீர்களா? வெளியே வருவதற்கு முன் பென் டிரைவிலோ டி டிரைவிலோ போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒருமுறை ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து திரும்பப் போடுவது வேறு, ரீஸ்டார்ட் வேறு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது முழு அணைப்பு இல்லை. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுகிறது. ஆன்டிவைரஸ் அந்த நேரத்தில் புரொஃபைல் ஃபைலைப் பிடித்து வைத்திருந்ததால் வந்த கோளாறு என்றால் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லையா, டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவி போதும். ‘நலம்’ என்று காட்டாமல் எச்சரிக்கையோ ‘மோசம்’ என்றோ காட்டினால் மீதிக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். உடனே பழைய ஃபோல்டரை வேறு டிஸ்குக்கு எடுத்துவிடுங்கள். அந்த நிலையில், டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் கருவியை ஓட்டக் கூடாது. தள்ளாடும் டிஸ்கை அது முழுவதும் படிக்க வைத்து, எழுதவும் செய்யும். இருந்த கொஞ்ச உயிரும் போய்விடும்.

டிஸ்க் நன்றாகவே இருந்தாலும், கீழே உள்ள எந்த வழியைத் தொடுவதற்கு முன்பும் பழைய ஃபோல்டரின் முழுப் பிரதி ஒன்று வெளி டிஸ்கில் இருக்கட்டும். ‘அனுமதி இல்லை’ என்று கேட்டால், அட்மினிஸ்டிரேட்டர் அக்கவுண்டில் இருந்து ‘கன்டின்யூ’ கொடுத்தால் திறக்கும். மறைந்திருக்கும் ஃபோல்டர்களும் தெரியும்படி வைத்துக்கொண்டு எடுங்கள். இல்லையென்றால், புரோகிராம்கள் தங்கள் அமைப்புகளை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டர் விட்டுப்போகும். முக்கால்வாசி விஷயம் அதற்குள்தான் இருக்கிறது.

எந்த வீடியோவைப் பார்த்தாலும் ‘எஸ்எஃப்சி ஸ்கேன்’ ஓட்டுங்கள் என்று சொல்வார்கள். அது விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சரிபார்ப்பது. உங்கள் புரொஃபைலை அது தொடுவதே இல்லை. ஓட்டினால் நஷ்டமில்லை, அவ்வளவுதான்.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

எங்கே கெட்டது. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘புரொஃபைல்லிஸ்ட்’ என்று ஒரு பட்டியல் உண்டு. எந்த யூசருக்கு எந்த ஃபோல்டர் என்பது அதில் இருக்கும். கெட்டது அந்தப் பட்டியல் மட்டும் என்றால், ரேஷன் கார்டில் விலாசம் தப்பாக அச்சான மாதிரி: வீடு அங்கேயேதான் இருக்கிறது, விலாசத்தைத் திருத்தினால் போதும். கெட்டது உங்கள் ஃபோல்டருக்குள் இருக்கும் என்டியூசர்.டாட் என்ற ஃபைல் என்றால் கதை வேறு. உங்கள் விண்டோஸ் செட்டிங்ஸில் பெரும்பகுதி அந்த ஒரே ஃபைலில்தான் இருக்கிறது. அது சிதைந்தால் பட்டியலை எவ்வளவு திருத்தினாலும் பலன் இல்லை.

எது கெட்டது என்று, விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் ஓரளவு தெரியும். விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதியில் யூசர் புரொஃபைல் சர்வீஸ் எழுதிய குறிப்புகளைப் பாருங்கள். 1511, 1515 எண்கள் மட்டும் இருந்தால் பட்டியல் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். 1508 இருந்து, ரெஜிஸ்ட்ரி சிதைந்ததாகச் சொன்னால் என்டியூசர்.டாட் மேல் சந்தேகம் வையுங்கள்.

திரும்ப உருவாக்க முடியாதது எது. இதுதான் முக்கியமான அளவுகோல். குரோமிலும் எட்ஜிலும் சேமித்த பாஸ்வேர்டுகள் உங்கள் பழைய விண்டோஸ் அக்கவுண்டோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. அந்த ஃபைலை எடுத்துப் புது அக்கவுண்டில் வைத்தாலும் பூட்டுத் திறக்காது. கூகுள் அக்கவுண்டில் (எட்ஜ் என்றால் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில்) சிங்க் போட்டு, ஆன்லைனில் ஒரு பிரதி இருந்தால் கவலை இல்லை; போடவில்லை என்றால், பழைய அக்கவுண்டையே உயிர்ப்பிக்கும் வழிகளுக்கு மதிப்பு கூடுகிறது. விண்டோஸ் வழியாகவே ஃபைல்களை என்கிரிப்ட் செய்து வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

எவ்வளவு நேரம் கடை நிற்கலாம். முகூர்த்த மாதத்தில் டிடிபி கடைக்கு ஒரு நாள் என்பது சாதாரண விஷயம் இல்லை.

கையில் என்னென்ன இருக்கிறது. இன்னோர் அட்மின் அக்கவுண்ட், வெளி டிஸ்க், புரோகிராம்களின் லைசென்ஸ் எண்கள், டிஸ்கையே பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்ட லேப்டாப் என்றால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி. கடைசியில் சொன்னது இல்லாமல் ரெகவரி திரைக்குள் போய் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

திரும்ப வருமா. கரண்ட் ஒருமுறை போனதால் கெட்டது என்றால் சரிசெய்ததோடு முடிந்தது. டிஸ்கால் கெட்டது என்றால் புதிய புரொஃபைலும் இதே போலக் கெடலாம்.

## வழி 1: ரெஜிஸ்ட்ரி பட்டியலைத் திருத்துவது

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன், புரொஃபைல்லிஸ்ட் என்று உள்ளே போனால் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட பெயர்கள் இருக்கும். ஒரே பெயர் இரண்டு முறை இருந்து, ஒன்றின் கடைசியில் ‘.பேக்’ என்று ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம். ‘.பேக்’ உள்ளதுதான் உங்கள் உண்மையான புரொஃபைல். மற்றது தற்காலிகமாக முளைத்தது. புரொஃபைல்இமேஜ்பாத் என்ற வரியில் உங்கள் பழைய ஃபோல்டர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். தற்காலிகமானதின் பெயரின் கடைசியில் ‘.ஓல்ட்’ என்று சேர்த்து ஒதுக்கிவிட்டு, உண்மையானதில் இருந்து ‘.பேக்’ஐ எடுத்துவிட வேண்டும். அதற்குள் ஸ்டேட், ரெஃப்கவுண்ட் என்ற மதிப்புகள் இருந்தால் 0 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட். தொடங்குவதற்கு முன் புரொஃபைல்லிஸ்ட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்-1-5-18, 19, 20 என்று குட்டையாக இருப்பவை விண்டோஸின் சொந்த அக்கவுண்டுகள். அவற்றில் கை வைக்க வேண்டாம்.

இது பலித்தால் இதற்கு ஈடு வேறில்லை. அதே அக்கவுண்ட், அதே சாவிகள், அதே பாஸ்வேர்டுகள், அதே ஃபான்ட், அதே பிரிண்டர் அமைப்பு. டீ குடித்து முடிப்பதற்குள் பழையபடி வேலை பார்க்கலாம்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், பலிக்காத இடத்தில் இது நேரத்தைத் தின்னும். திருத்தி ரீஸ்டார்ட் செய்ததும் மறுபடியும் தற்காலிக புரொஃபைலே வந்து, பட்டியலில் ‘.பேக்’ மறுபடி முளைத்திருந்தால் கெட்டது பட்டியல் இல்லை, என்டியூசர்.டாட். அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த வழிக்குப் போங்கள். இரண்டாவது முறை திருத்தினால் வந்துவிடாதா என்ற ஆசையில் மதியம் வரை உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. வராது.

## வழி 2: ரீஸ்டோர் பாயிண்டுக்குத் திரும்புவது

சிஸ்டம் ரீஸ்டோர் ரெஜிஸ்ட்ரியையும் உங்கள் என்டியூசர்.டாட்டையும் பழைய தேதிக்குக் கொண்டுபோகும். டாக்குமென்டுகளையும் படங்களையும் தொடாது. ஆகவே சிதைந்த புரொஃபைலைச் சாவிகளோடு திரும்பப் பெற இதுதான் நியாயமான இரண்டாவது முயற்சி.

ஆனால் அந்தத் தேதியில் விண்டோஸ் எடுத்து வைத்த பதிவு, அதாவது ரீஸ்டோர் பாயிண்ட், இருக்க வேண்டும். பல கணினிகளில் சிஸ்டம் புரொடெக்ஷன் அணைந்தே கிடக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பின் ரீஸ்டோர் பாயிண்டுகள் அதிகபட்சம் 60 நாள்தான் வைக்கப்படுகின்றன; பொங்கலுக்கு எடுத்ததைத் தேடிச் சித்திரையில் போனால் கிடைக்காது.

அந்தத் தேதிக்குப் பின் போட்ட புரோகிராம்களும் டிரைவர்களும் போய்விடும், இது தெரிந்த செலவு. தெரியாதது, டாலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு: இடையில் டாலியைப் புதிய ரிலீசுக்கு மாற்றியிருந்தால், புரோகிராம் பழையதாகத் திரும்பும், ஆனால் டேட்டா புதிய வடிவில் இருக்கும். பழைய ரிலீஸ் அதைத் திறக்காமல் போகலாம். புதிய ரிலீசை மறுபடி இன்ஸ்டால் செய்தால் தீர்ந்துவிடும். ஆனால் திறக்கவில்லையே என்று பதறிப்போய் டேட்டா ஃபோல்டரை நோண்டக் கூடாது.

உள்ளேயே நுழைய முடியாதவர்கள் ரெகவரி திரையில் இருந்தும் இதைச் செய்யலாம். பிட்லாக்கர் இருந்தால் அங்கேதான் சாவியைக் கேட்கும்.

## வழி 3: புது அக்கவுண்ட், தேர்ந்தெடுத்துக் குடிபெயர்ப்பு

பெரும்பாலோருக்கு முடிவில் இதுதான் வழி. எனக்கும் இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம், காரணம் இதில் கெட்டதைத் தூக்கிக்கொண்டு வராமல் நல்லதை மட்டும் எடுக்கலாம். ஆனால் ‘எல்லாவற்றையும் காப்பி, பேஸ்ட்’ என்று செய்தால் அந்த நன்மையே போய்விடும்.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் புது லோக்கல் யூசரைச் சேர்த்து, அட்மினிஸ்டிரேட்டர் ஆக்கி, ஒருமுறை உள்ளே நுழைந்தால் அதன் ஃபோல்டர் உருவாகிவிடும். புது அக்கவுண்டிலும் இதே கோளாறு வந்தால் கெட்டது ‘டிஃபால்ட்’ என்ற வார்ப்பு புரொஃபைல். அதே விண்டோஸ் பதிப்புள்ள வேறு கணினியில் இருந்து அதன் என்டியூசர்.டாட்டைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இது அரிது.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாவற்றையும் யோசிக்காமல் எடுக்கலாம். டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பழைய ஃபோல்டருக்குள் ஒன்டிரைவ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் பல நேரம் டெஸ்க்டாப்பை அதற்குள் நகர்த்தி வைத்திருக்கும். அதில் மேகக்குறி போட்டுத் தெரிபவை வெறும் பெயர்கள்தான், உள்ளே சரக்கு இல்லை. அவற்றைக் காப்பி செய்யாமல், புது அக்கவுண்டில் ஒன்டிரைவில் நுழைந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

என்டியூசர் என்று தொடங்கும் எந்த ஃபைலையும் எடுக்காதீர்கள். நோயே அதுதான். ஆப்டேட்டாவை முழுசாகத் தூக்கிக்கொண்டு வருவதும் வேண்டாம். அதில் இருந்து பொறுக்கி எடுக்க வேண்டியவை இவை:

ஃபான்ட் முதலில், ஏனென்றால் தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் பெரிய அடி. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் இருந்து, ஃபான்ட் ஃபைலை ரைட் கிளிக் செய்து சாதாரணமாக ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் அது அந்த ஒரு யூசருக்கு மட்டும் போய்ச் சேர்கிறது: ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில். புது அக்கவுண்டுக்கு அது தெரியாது. பாமினி போன்ற யூனிகோட் அல்லாத ஃபான்ட்டில் அடித்த பத்திரிகையைத் திறந்தால் மணமகள் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்து மறுபடி டைப் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபான்ட்டுகளை எடுத்து, இந்த முறை ‘எல்லா யூசருக்கும் இன்ஸ்டால்’ கொடுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துபவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதன் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே கொண்டுவந்தால் பாஸ்வேர்டும் சேர்ந்தே வரும். குரோமில் புக்மார்க்ஸ் ஃபைல் மட்டும் வரும். பாஸ்வேர்ட் சிங்க்கில் இருந்தால்தான் உண்டு.

அவுட்லுக்கில் மெயில்களைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல் இருந்தால் அதுதான் தங்கம், முக்கியமாக சர்வரில் இருந்து மெயிலைக் கணினிக்கே இறக்கிவிடும் பாப் முறையைப் பயன்படுத்தும் பழைய அலுவலகங்களில். சர்வரில் வேறு பிரதி பெரும்பாலும் இருக்காது. சர்வரில் உள்ள மெயிலின் நகலான ஓஎஸ்டி ஃபைலைச் சுமந்து வரத் தேவையில்லை, மெயில் அக்கவுண்டைச் சேர்த்தால் தானாகவே மறுபடி இறங்கும். மெயில் சிக்னேச்சர்கள் ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டரில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் தனியாக இருக்கும். எக்செல் மேக்ரோ எழுதி வைத்தவர்கள் அங்கேயே எக்ஸ்எல்ஸ்டார்ட் ஃபோல்டரில் பர்சனல் என்ற ஒர்க்புக்கைத் தேடுங்கள். ஸ்டிக்கி நோட்ஸில் போன் நம்பர் எழுதி வைப்பவர்களுக்கு, லோக்கல் ஃபோல்டரில் பேக்கேஜஸ் என்பதற்குள் ஸ்டிக்கி நோட்ஸ் பெயரில் உள்ள ஃபோல்டரில் பிளம் என்ற டேட்டாபேஸ் ஃபைல். கோரல், போட்டோஷாப் அமைப்புகள் ரோமிங்கில் அந்தந்த நிறுவனத்தின் பெயரில் கிடைக்கும்.

தேட வேண்டாதது டாலி டேட்டா. டாலிபிரைமின் வழக்கமான டேட்டா ஃபோல்டர் யூசர்ஸுக்குள் பப்ளிக் என்ற பொது இடத்தில் இருக்கிறது. உங்கள் புரொஃபைல் கெட்டாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. டிஜிட்டல் கையெழுத்தும் அப்படியே: யுஎஸ்பி டோக்கனில் இருந்தால் சாவி டோக்கனுக்குள்தான் இருக்கிறது.

இனி மறைந்திருக்கும் செலவு. புது ஃபோல்டரின் பெயர் பழையதில் இருந்து மாறியிருக்கும். பழைய பாதையை நம்பி இணைத்து வைத்த எக்செல் லிங்க்குகள், டிசைன் ஃபைலுக்குள் வெளியில் இருந்து இணைத்த படங்கள், ஸ்கேனர் சேமிக்கும் இடம் எல்லாம் ஒவ்வொன்றாக ‘காணவில்லை’ என்று சொல்லும். ஒரே நாளில் சொல்லாது. அந்தந்த வேலை வரும்போது சொல்லும். குடிபெயர்ப்பு அரை நாளில் முடிந்தாலும், இந்தச் சில்லறைத் தொல்லை இரண்டு வாரத்துக்கு இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. பழைய அக்கவுண்டை செட்டிங்ஸில் நீக்கினால் ‘அக்கவுண்டும் டேட்டாவும் நீக்கு’ என்ற பட்டன்தான் வரும். அது சொன்னபடியே செய்யும்.

## வழி 4: ரீசெட் அல்லது ஃபார்மட்

விண்டோஸில் ‘என் ஃபைல்களை வைத்துக்கொள்’ என்ற ரீசெட் உண்டு. ஃபைல்கள் இருக்கும், புரோகிராம்கள் எல்லாம் போகும், செட்டிங்ஸும் போகும். ஒரே ஒரு யூசரின் புரொஃபைல் கெட்டதற்கு இது அளவுக்கு மீறிய மருந்து. புது அக்கவுண்டுக்குப் போனால் புரோகிராம்களாவது மிஞ்சும். இங்கே அதுவும் இல்லை. ஏற்கெனவே கெட்ட புரொஃபைலை ரீசெட் ஒழுங்காக அடையாளம் கண்டு காப்பாற்றும் என்று நம்பியும் இருக்கக் கூடாது.

இதை நியாயப்படுத்தும் சூழ்நிலைகள் சில. வைரஸ் புகுந்திருந்தால். டிஸ்கையே மாற்றப்போகிறீர்கள் என்றால். பழைய விண்டோஸ் 10-லேயே ஓட்டிக்கொண்டிருந்தால்: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, கணினி தாங்கும் என்றால் எப்படியும் 11-க்குப் போகத்தான் வேண்டும்.

செலவு விண்டோஸுக்கு ஆகும் நேரத்தில் இல்லை. பில் போடும் மென்பொருளின் லைசென்ஸ் எந்த மெயிலில் இருக்கிறது, ஆபீஸ் எந்த அக்கவுண்டில் பதிவானது, பழைய பிரிண்டரின் டிரைவர் இன்னும் எங்கே கிடைக்கும் என்று தேடுவதில்தான் நாள் போகும்.

## வழி 5: கடையில் கொடுப்பது

பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையோ, மெட்ரோ பிடித்து கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவோ, டிஸ்க் போய்க்கொண்டிருக்கும்போது இதுதான் சரி. ஹார்ட் டிஸ்கில் இருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் வீட்டில் எதையும் முயல வேண்டாம்.

மற்ற நேரங்களில் யோசித்துக் கொடுங்கள். கடைக்காரருக்கு வேகமான வழி ஃபார்மட். அவர் பக்கம் அது நியாயம்தான், பத்து சிஸ்டம் வரிசையில் இருக்கிறது. ‘டேட்டா வேணும்’ என்று நீங்கள் சொன்னால் அவர் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் எடுத்து வைப்பார். ஃபான்ட், பிஎஸ்டி, மேக்ரோ, ஃபயர்ஃபாக்ஸ் என்று நீங்கள் சொல்லாத எதுவும் எடுக்கப்படாது. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முழு யூசர் ஃபோல்டரின் பிரதி வேண்டும் என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: பாஸ்வேர்டை ரீசெட் செய்யக் கூடாது. வேறு அட்மின் வழியாகவோ ஏதாவது டூல் போட்டோ லோக்கல் அக்கவுண்டின் பாஸ்வேர்டை மாற்றினால், அந்த அக்கவுண்டின் பூட்டிய பாஸ்வேர்டுகளும் என்கிரிப்ட் செய்த ஃபைல்களும் திறக்காமல் போகும். பாஸ்வேர்டைச் சொல்லத் தயங்கினால், கடையிலேயே நின்று நீங்களே டைப் செய்யுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கணினியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | பாஸ்வேர்டும் செட்டிங்ஸும் | ஆகும் நேரம் | கவனிக்காமல் விடும் செலவு | எப்போது சிறந்தது |
|---|---|---|---|---|
| ரெஜிஸ்ட்ரி திருத்தம் | எல்லாம் திரும்பும் | அரை மணிக்குள் | பலிக்காத இடத்தில் வீண் முயற்சி | ‘.பேக்’ இருந்து, டிஸ்க் நலமாக இருந்தால் |
| ரீஸ்டோர் பாயிண்ட் | அந்தத் தேதி வரை திரும்பும் | ஒரு மணி அளவில் | இடையில் போட்ட புரோகிராம்கள் போகும் | சமீபத்திய பாயிண்ட் இருந்து, சிங்க் இல்லாத பாஸ்வேர்டுகள் இருந்தால் |
| புது அக்கவுண்ட் | பொறுக்கி எடுத்தது மட்டும் | அரை நாள் | மாறிய பாதைகள், விட்டுப்போன ஃபான்ட் | என்டியூசர் சிதைந்து, விண்டோஸ் நன்றாக இருந்தால் |
| ரீசெட், ஃபார்மட் | திரும்பாது | ஒரு நாளும் மேலும் | லைசென்ஸ், டிரைவர் தேடல் | வைரஸ், டிஸ்க் மாற்றம், விண்டோஸ் மாற்றம் |
| கடை | கடையைப் பொறுத்தது | கடையைப் பொறுத்தது | அந்தரங்கம், சொல்லாமல் விட்டவை | டிஸ்க் சாகும் நிலையில் |

## மூவருக்கும்

தண்டையார்பேட்டை டிடிபி கடைக்கு: ‘.பேக்’ இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், இருந்தால் வழி 1. இல்லையென்றால் ரீஸ்டோர் பாயிண்டைத் தேடி நேரம் போக்காமல் நேராகப் புது அக்கவுண்ட். உங்களிடம் பாஸ்வேர்ட் பெரிய விஷயம் இல்லை. ஃபான்ட்டும் கோரல் அமைப்பும்தான் உயிர், இரண்டுமே ஃபைல்களாகக் கிடைக்கின்றன. மதியத்துக்குள் பத்திரிகை அச்சுக்குப் போய்விடும். யுபிஎஸ் பேட்டரியை இந்த வாரமே மாற்றுங்கள், இல்லையென்றால் புது அக்கவுண்டுக்கும் இதே கதிதான்.

மண்ணடி அலுவலகத்துக்கு: டாலி பத்திரம், டோக்கன் பத்திரம், சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஃபைலிங் புது அக்கவுண்டிலும் நடக்கும். உங்கள் சிக்கல், எத்தனையோ ஷிப்பிங் லைன் தளங்களின் பாஸ்வேர்டுகள் சிங்க் இல்லாத குரோமுக்குள் இருப்பது. ஒவ்வொன்றையும் ‘மறந்துவிட்டேன்’ கொடுத்து மீட்க மெயிலும் ஓடிபியும் வேண்டும். அந்த ஓடிபிகளில் பாதி, வேலையை விட்டுப் போனவரின் போனுக்குப் போகும். ஆகவே வழி 1, வழி 2 இரண்டையும் முழுசாக முயன்ற பிறகே வழி 3. பழையது எழுந்து நின்றதும் முதல் வேலையாக குரோமில் பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். அந்த ஃபைலில் எல்லாம் அப்பட்டமாகத் தெரியும் என்பதால் டெஸ்க்டாப்பில் விட்டுவைக்க வேண்டாம்.

பெரம்பூர் மாணவிக்கு: லேப்டாப்பைத் தொடும் முன் போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து, டிவைஸ் பகுதியில் பிட்லாக்கர் சாவி இருக்கிறதா என்று பார்த்து எழுதிவையுங்கள். புராஜெக்ட் ஒன்டிரைவில் ஏறியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஏறியிருந்தால் புது அக்கவுண்ட் போட்டு ஒரு மணியில் எழுந்துவிடலாம், மீதி எதற்கும் மெனக்கெட வேண்டாம். ஏறவில்லை என்றால் பழைய ஃபோல்டரின் பிரதியை எடுத்த பிறகு அதே வழி.

வழி 3 எடுக்கும் எல்லாருக்கும்: பழைய ஃபோல்டரை உடனே அழித்து இடம் பிடிக்க வேண்டாம். கடைக்கு ஒரு ஜிஎஸ்டி காலாண்டு, மாணவிக்கு ஒரு செமஸ்டர் முடியட்டும். விட்டுப்போனது எது என்று அந்த வேலை வரும்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு அழித்துக்கொள்ளலாம்.